சாமியின் முதுகை வரைந்தேன்

முன்னின்று வழிவிடும் ஆனைமுகனை வணங்குகிறேன். உருவமும் பெயரும் கடந்தவனாயினும் எங்கள் ஊரார் தோள்களுக்கு இரங்கிப் பல்லக்கேறித் தெருவுக்கு வருகின்ற அவன் தந்தையை வணங்குகிறேன். இந்த எழுத்தில் சொற்பிழை இருந்தால் அவன் பொறுத்தருளட்டும். பொருட்பிழை இருப்பதாக மனிதர் எவரேனும் சொன்னால் நேரில் வரட்டும். விடை வைத்திருக்கிறேன்.

இன்று தைப்பூசம். பூச நட்சத்திரத்தோடு நிறைமதி கூடிய நன்னாள். விடியலில் நீராடி, நெற்றி நிறைய நீறு பூசி, ஒரு பதிகத்தை முதலிலிருந்து கடைக்காப்பு வரை பாடி முடித்த பிறகே பேனாவைத் தொட்டேன். வாய்க்கால் கரைக்கு அப்பால் சம்பா அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்கிறது. அது பாட்டுக்கு அறுக்கட்டும். நான் பாட்டுக்கு எழுதுகிறேன்.

சென்ற விஜயதசமியன்று எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி நடந்தது. நன்னிலத்தில் இறங்கி மினி பஸ் பிடித்து வரவேண்டிய ஊர் இது. ஓவியக் கண்காட்சி என்ற பேச்சே அதுவரை எங்கள் தெருக்களில் எழுந்ததில்லை. அங்கே வைக்கப்பட்டவற்றுள் நான் வரைந்த படமும் ஒன்று. அதை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் வீதியுலாவில் சாமிக்குப் பின்னால் பதிகம் பாடி வரும் என் இடத்தை விட்டுவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. மருமகளாக இவ்வூருக்கு வந்தவள் நான். கணவர் மறைந்து ஆண்டுகள் ஆயின. வீடு மகனுடையது, நிலம் குத்தகைக்காரர் கையில் இருக்கிறது. என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளத்தக்கது தெருவில் அந்த ஓரிடம் மட்டுமே. அதைத்தான் கேட்டார்கள்.

எங்கள் கோயில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சாமி புறப்படும்போது நாகசுரமும் தவிலும் முன்னே செல்லும். தமிழ் பாடுகிறவர்கள் பின்னே வருவோம். முன்பெல்லாம் ஆண்கள்தான் பாடினார்கள். அவர்களில் முதியவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள். இளையவர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பாட்டு பெண்களிடம் வந்தது. ஒலிபெருக்கி வைத்த தள்ளுவண்டி எங்களோடு வரும். மைக் என் கையில் இருக்கும். வாசல்தோறும் அருச்சனைத் தட்டேந்தி நிற்பவர்கள் சாமியின் திருமுகத்தைக் காண்பார்கள். பாடுகின்ற நாங்கள் காண்பது முதுகை.

முதுகு என்றால் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சாமியைச் சூழ்ந்து வளைந்து நிற்கும் திருவாசியின் முன்புறம் பொன்போல் மின்னும். பின்புறம் துலக்காத பித்தளையில் பச்சை படர்ந்திருக்கும். மாலைகள் விரிந்து நிற்பதற்காக வைத்துக் கட்டிய மூங்கில் சிம்புகள் அங்கேதான் தெரியும். சாமியைப் பீடத்தோடு பிணைத்த கயிறு, அதன் மேல் ஒரு முடிச்சு, அந்த முடிச்சை நம்பாமல் போட்ட இன்னொரு முடிச்சு, விளக்குக்குப் போகும் கறுப்பு ஒயர், ஒரு கையால் திருவாசியைப் பிடித்துச் சாய்ந்திருக்கும் குருக்களின் வியர்வை வழியும் முதுகு எல்லாம் அங்கே உண்டு. பாலத்தின் மேட்டில் பல்லக்கு ஏறுகையில் பின்வரிசைத் தோள்கள் மேலும் ஒரு மூச்சு வாங்கும். அப்போது மாலை சற்றே விலகினால், சாமியின் பின்னந்தலையில் சிற்பி வார்த்துவைத்த சின்னஞ்சிறு சக்கரம் தென்படும். கூந்தல் சுருள்களும் ஆடையின் முடிப்பும் அங்கே முன்புறத்துக்குக் குறைவில்லாமல் செதுக்கப்பட்டிருக்கும். வார்த்தவன் முதுகை மொட்டையாக விட்டுவிடவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவன் நினைத்திருந்தால் விட்டிருப்பான். யாரோ பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இதை நான் வரையலானது மழையால் நேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், கடைக்குப் போய்த் திரும்புகையில் பெருமழை பிடித்துக்கொள்ள, சமுதாயக் கூடத்தில் ஒதுங்கினேன். அங்கே ஓவிய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் ஓவியத்துக்கு இருந்த பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதால், பகுதிநேர ஓவிய ஆசிரியை ஒருவர் ஞாயிறுதோறும் இங்கே வந்து சொல்லிக்கொடுத்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்துப் பெண். காலையில் தேவாலய ஆராதனை முடித்து, நண்பகலில் பஸ் ஏறி வருவார். பிள்ளைகளை விட வந்த தாய்மார்களும் மெல்ல உட்கார ஆரம்பித்திருந்தார்கள். சும்மா நின்ற என் கையிலும் ஒரு பென்சிலைத் தந்து, என் குடையையே எதிரில் வைத்து, வரையச் சொன்னார்.

வரைந்து காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்தார்.

"அம்மா, நீங்க ஒரு குடைய வரைஞ்சிருக்கீங்க. இந்தக் குடைய வரையல."

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?"

"இதுல ஒரு கம்பி ஒடைஞ்சிருக்கு பாருங்க. அது உங்க படத்துல இல்லையே."

எனக்குக் கோபம் வந்தது. என் குடையின் குறையை எனக்கே காட்ட இவர் யார் என்று தோன்றியது. ஆனால் மழை விடவில்லை. வேறு வேலையும் இல்லை. ஒடிந்த கம்பியைப் பார்த்து இரண்டாம் முறை வரைந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாமலே போனேன்.

பதிகம் பாடிப் பழகியவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். அந்தப் பெரியவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் பாட்டின் ஒரு பாதியைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, மறுபாதியை வயலுக்கும் வாளை துள்ளும் மடைக்கும் சேற்றில் திளைக்கும் எருமைக்கும் கொடுத்தார்கள். பார்த்துத்தான் பாடினார்கள். சாமியைப் பாட வந்த இடத்தில் எருமை எதற்கு என்று அவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண். எதைக் கொடுத்தாலும் கோழிதான் வரைவாள். தாராசுரம் கோயிலுக்கு வகுப்போடு போனபோது, கல்தேரையும் குதிரையையும் எல்லோரும் வரைய, அவள் மதிலோரம் மேய்ந்த ஒரு கோழியை வரைந்தாள். நான் விமானத்தின் பின்சுவரை நோக்கி அமர்ந்திருந்தேன்.

"என்ன பெரியம்மா, இங்க வந்தும் பின்னாலயே ஒக்காந்துட்டீங்க?"

"எனக்குப் பழக்கம்டீ."

"அப்ப அதையே வரைங்களேன். பின்னால நடந்து நடந்து சாமியோட முதுகு உங்களுக்குத்தான் மனப்பாடம்."

கேலிக்குச் சொன்னாள். எனக்கு அது கேலியாகப் படவில்லை.

தச்சுப் பட்டறையில் மிஞ்சிய பிளைவுட் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, மேலே தாள் ஒட்டி, போஸ்டர் கலரில் வரையத் தொடங்கினேன். ஆடி உலாவிலும் ஆவணி உலாவிலும் பாடிக்கொண்டே பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் பார்த்ததை வரைந்தேன். டீச்சர் பாராட்டவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றார்.

"அம்மா, இந்தக் கயிறு எங்கேர்ந்து வந்து எங்க போவுது?"

"மாலைக்கு அடியில போவுது. அங்க எனக்குத் தெரியல."

"தெரியலைன்னா தெரியாததாவே விடுங்க. ஊகிச்சு வரையாதீங்க."

அப்படியே விட்டேன். படம் முடிந்தபோது அதில் பல்லக்கும் தோள்களும் குருக்களும் முடிச்சுகளும் இருந்தன. விலகிய மாலைக்கிடையே அந்தச் சக்கரம் இருந்தது. திருமுகம் இல்லை. எனக்குத் தெரிந்தது முழுவதும் அதில் இருந்தது.

வகுப்பின் முதல் கண்காட்சியை விஜயதசமியில் வைப்பதென்று முடிவாயிற்று. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கிற நாளில் கண்ணறிவிக்கவும் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். கூடத்தின் சாவி கோயில் விழாக் குழுத் தலைவரிடம் இருக்கிறது. அவர் என் கணவரின் தம்பி. பக்கத்து வீடு. நல்லவர், வாய்க்கால் தூர்வாருவதில் முன்னே நிற்பார், ஊர்க் காரியம் என்றால் சாப்பாட்டை மறப்பார். ஊர் முழுதும் தன் சொல்லுக்குக் காத்திருக்கிறது என்ற எண்ணம் மட்டும் அவரிடம் கொஞ்சம் உண்டு. சரஸ்வதி பூசையன்று மாலை, குழுக்காரர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளின் படங்களை எல்லாம் பார்த்து, "பலே, பலே" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சுவரில் சாய்த்துவைத்திருந்த என் பலகை முன்னால் நின்றார்.

"என்ன அண்ணி இது?"

"நம்ம ஒலா, தம்பி."

"ஒலான்னா சாமி எங்க?"

"இதோ இருக்காரே."

"இது முதுகு."

"சாமியோட முதுகு."

உடன் வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மொகமே இல்லாம சாமிய வெச்சா ஊருக்கு ஆகாதுங்க. நடவு நட்டுட்டு மழைய எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம். இந்த நேரத்துல போயி சாமி நமக்கு முதுகக் காட்டுறாப்ல..."

கொழுந்தனார் ஆசிரியையின் பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை இருந்தது. அதனால்தான் அது கூடுதலாக உறுத்தியது. "டீச்சரம்மா, இது உங்க யோசனையா? தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. வேற மதத்துக்காரங்க வந்து நம்ம சாமிய இப்படி வரைய வெச்சிட்டாங்கன்னு..."

டீச்சர் வாய் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"தம்பி, அவங்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது பென்சில் புடிக்க. சாமியப் பாக்க நான் யார்கிட்டயும் படிக்கல. நீங்க என்ன கேக்கணுமோ என்னையக் கேளுங்க."

"சரி, உங்களையே கேக்குறேன். இத எடுத்துடுங்க."

"மாட்டேன்."

"அண்ணி, யோசிச்சுச் சொல்லுங்க. சாமிக்கு முதுகப் போட்டுட்டு, திருவாதிரை அன்னைக்கு அதே சாமி பின்னால மைக்கப் புடிச்சிக்கிட்டு வந்தீங்கன்னா ஊரு என்னையக் காறித் துப்பும். படம் இங்க இருந்துச்சுன்னா பாட்டுக் குழுவுல நீங்க இல்ல. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா வேற வழி இல்ல."

இவ்வளவுதான் சொன்னார், சத்தம் போடவில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். பயந்த முகமாகத் தெரியவில்லை. பாட்டு என்னிடம் இருந்து போகாது. போவது மைக்கும் இடமும். அந்த இடத்தில் நின்று கண்டதைத்தான் வரைந்தேன். வரைந்ததை மறைத்துவிட்டு அதே இடத்தில் போய் நின்றால், என் கண்ணை நானே பொய் என்று சொன்னதாகும். பொய்க் கண்ணோடு பாடுகிற பாட்டு சாமிக்கு எதற்கு?

மறுநாள் விஜயதசமி. காலையில் கூடத்தைத் திறந்தால், என் படத்துக்கென்று டீச்சர் ஒதுக்கியிருந்த நடுச்சுவரில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஓவியக் கண்காட்சிக்கு வருகை தரும் அனைவரையும் வரவேற்று, விழாக் குழுவினர் அத்தனை பேரும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முகம் வேண்டும் என்றவர்கள் முகங்களை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மற்றச் சுவர்களில் பிள்ளைகளின் படங்கள். எதையும் நகர்த்த எனக்கு மனம் வரவில்லை.

கோழி வரைகிறவள் நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தின் கூரையில், விசிறி மாட்டுவதற்கென்று விட்டு, விசிறி வராமலே போன இரும்புக் கொக்கிகள் உண்டு. "பெரியம்மா, சொவரு கெடக்கு. நடுவுல தொங்க வுட்ருவோம்" என்றாள். சாக்குத் தைக்கும் சணலை முறுக்கி, ஏணி வைத்து ஏறி, நடுக்கொக்கியில் அவளே கட்டினாள். முடிச்சின் மேல் முடிச்சு போட்டாள். படம் கூடத்தின் நட்டநடுவில், சுவர் எதையும் தொடாமல், கண்மட்டத்தில் நின்றது.

கொழுந்தனார் வந்து குத்துவிளக்கேற்றினார். படத்தை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வெளியே போய் நாற்காலி போட்டு அமர்ந்தார்.

ஊர் வந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். தன் பிள்ளை வரைந்த டிராக்டரையும் தன் மகள் வரைந்த தன்னையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடுக்கூடத்துக்கு வந்தவர்கள் என் படத்தின் முன் கைகூப்பினார்கள். முதுகு தெரிந்தது. சாமி அந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் போலும் என்று, முதல் பெரியவர் வெகு இயல்பாகப் படத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார், முகத்தைச் சேவிக்க.

அங்கே வெறும் பிளைவுட். தச்சர் பென்சிலால் போட்ட கோடு ஒன்று. அவ்வளவே.

அவர் மறுபக்கமாக வந்து திரும்பவும் முதுகின் முன் நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும் சுற்றினார். ஒருவர் வலம் வந்தால் எங்கள் ஊரில் யாரும் நிற்க மாட்டார்கள். சற்று நேரத்தில் கூடம் பிராகாரமாகிவிட்டது.

"மொகம் எங்கம்மா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"கோயில்ல இருக்கு தாத்தா, போயிப் பாருங்க" என்றாள் சணல் கட்டியவள்.

பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவர் வந்து குனிந்து பார்த்துக் கூவினார். "எலேய், இது என் துண்டுடா! கிழிஞ்சதக் கூட விடாம போட்டுருக்காங்க பாரு!" அவருடைய கூட்டாளிகள் வந்து தங்கள் தங்கள் முதுகை அடையாளம் காட்டிக்கொண்டார்கள். எந்தக் கெண்டைக்கால் எவருடையது என்று ஒரு வழக்கே நடந்தது. தன் முதுகைத் தான் பார்த்ததே இல்லை என்று ஒருவர் சொன்னார். நான் அவர்களருகில் நின்று கேட்டேன். உலாவில் முகத்தைக் காணாமல் சாமியைச் சுமக்கிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரும் அது சாமி இல்லை என்று சொல்லவில்லை.

நண்பகலுக்குச் சற்று முன் டீச்சர் என் கையைத் தொட்டார். முகம் வெளிறியிருந்தது. "அம்மா, படத்துக்குப் பின்னால வந்து பாருங்க."

யாரோ ஒரு பெண்மணி வெறும் பலகையின் நடுவில், முகம் இருக்கவேண்டிய உயரத்தில், சந்தனம் தீற்றிக் குங்குமம் வைத்திருந்தார். மேல் விளிம்பில் முல்லைச் சரம் தொங்கியது. கீழே ஒரு சூடக் கட்டியும் தீப்பெட்டியும். பிளைவுட்டுக்குத் தீபாராதனை நடப்பதற்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

டீச்சர் அதைத் தொட்டால் வேற்று மதத்தவர் என்ற பேச்சு எழும். அவர் தொடவும் இல்லை. நான் முல்லைச் சரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சூடத்தை எடுத்து முந்தானையில் முடிந்தேன். பிறகு அதே முந்தானையின் மறுமுனையால் குங்குமத்தைத் துடைத்தேன். எல்லோரும் பார்க்கத்தான் துடைத்தேன்.

கொழுந்தனாருக்குச் செய்தி போக நேரமாகவில்லை. உள்ளே வந்தார்.

"குங்குமத்தத் தொடச்சீங்களா அண்ணி?"

"தொடச்சேன். பலகையில வெச்ச குங்குமம்."

"சுமங்கலிங்க வெச்சது!"

"சாமிக்கு வைக்கட்டும். பலகை எதுக்கு?"

அவர் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தார். சற்றே யோசித்தார். அவருக்குக் கோபம் தணிந்தது. முகம் கூட மலர்ந்தது. ஊர்த் தகராறுகளைத் தீர்த்துவைக்கிறவர் அல்லவா, வழி கண்டுபிடித்துவிட்டார்.

"சரி, ஒண்ணு செய்ங்க. முன்னால உங்க முதுகு அப்படியே இருக்கட்டும், நான் வேணாங்கல. பின்னாலதான் எடம் காலியாக் கெடக்கே. அங்க சாமி மொகத்த வரைஞ்சிடுங்க. சுத்தி வர்ற ஜனம் சேவிச்சிட்டுப் போவுது. உங்க பேச்சும் இருக்கும், ஊர் பேச்சும் இருக்கும். மைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

கூடம் "அதானே!" என்றது. பாட்டுக் குழுவில் என்னோடு நின்றவர்கள் எனக்குக் கண்ணைக் காட்டினார்கள்: ஒத்துக்கொள்ளுங்கள். நியாயமாகத்தான் இருந்தது. முகம் வரைய எனக்குத் தெரியும். நாள்காட்டிகளில் கண்ட முகம் ஒன்று கையோடு வந்திருக்கும். ஒரு மணி நேரத்து வேலை. என் இடம் என்னிடமே இருந்திருக்கும்.

"ஒலாவுல நான் மொகத்தப் பாத்ததில்ல தம்பி. பாக்காதத வரைய மாட்டேன்."

"கோயில்ல பாத்திருக்கீங்கள்ல!"

"கோயில்ல பாத்த மொகம் கோயில்ல இருக்கு. கதவு தொறந்துதான் கெடக்கு. இது நான் நடந்த தெரு. இதுல நான் கண்டது இவ்வளவுதான்."

"முதுகக் காட்டுறது அவமரியாதை அண்ணி. அவ்வளவுதான் நான் சொல்றது."

"யாருக்கு? பிட்டு வாங்கித் தின்னுட்டு மண்ணு சுமந்தாரே, அன்னைக்குப் பிரம்படி எங்க விழுந்துச்சு? மொகத்துலயா? அந்த அடி ஊருல இருக்குற அத்தன பேரு முதுகுலயும் விழுந்துச்சுன்னு நீங்களும் நானும் கேட்டு வளந்தவங்கதானே? முதுகு ஆகாதுன்னா அந்தக் கதைய எதுக்குப் புள்ளைங்களுக்குச் சொல்றோம்?"

பல்லக்குத் தூக்குகிறவர்கள் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கொழுந்தனார் விடவில்லை. "முடிவா என்ன சொல்றீங்க?"

"படம் இருக்கும். பின்னால பலகையாவே இருக்கும்."

"அப்ப மைக்கு இல்ல அண்ணி."

"சரிங்க தம்பி."

சொன்ன சொல்லை இருவரும் காத்தோம். படத்தை அவர் இறக்கச் சொல்லவில்லை. அந்த நேர்மையை நான் மறைக்க மாட்டேன். மாலைவரை கூடம் திறந்திருந்தது. அதன்பிறகும் சிலர் சுற்றத்தான் செய்தார்கள், பழக்கம் விடாது. ஆனால் பலகையைக் கண்டதும் நிற்காமல், விரைந்து முன்னால் வந்து, அதிகநேரம் பார்த்தார்கள். ஒரு பெண் கயிற்றின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், மாலைக்கு அடியில் அது மறைகிற இடத்தில் விரலை நிறுத்தினாள். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

மார்கழித் திருவாதிரை வந்தது. முன்னதாக என் மருமகள் மூலம் இருமுறை தூது வந்தது: ஒரு வார்த்தை, மனசு நோகும்படி நடந்துவிட்டது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். எனக்கு மனம் நோகவில்லை என்று சொல்லியனுப்பினேன்.

விடியற்காலை உலா. மைக் வேறொருவர் கையில் இருந்தது. அவர் நன்றாகவே பாடினார். தெரு பொதுவானது. குழுவுக்குப் பின்னால், ஒலிபெருக்கி வண்டிக்குப் பின்னால், ஜெனரேட்டர் வண்டிக்கும் பின்னால், புகையும் பனியும் கலந்த இடத்தில் நான் நடந்தேன். அதே பதிகத்தை மைக் இல்லாமல் பாடினேன். ஜெனரேட்டரின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்பதில் ஐயமில்லை. கோழி வரைகிறவள் நடவுக்காரச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு வந்தாள். "பெரியம்மா, இங்கேர்ந்து பாத்தா பாட்டுக்காரங்க முதுகும் சேந்து தெரியுது" என்றாள்.

உலா முடிந்து கோபுரவாசலுக்கு வந்தோம். எங்கள் கோயிலில் சாமி உள்ளே போகும்போது தெருவுக்கு முதுகைக் காட்டிப் போகமாட்டார். பல்லக்கைத் திருப்பி, தெருவில் நிற்கும் சனங்களை நோக்கியவாறே, பின்னடியிட்டு உள்ளே கொண்டுபோவார்கள். அந்த நேரத்தில் விழாக் குழுவும் பாட்டுக் குழுவும் முன்னதாகவே வாசலுக்குள் போய் நின்றுவிடுவது வழக்கம். நிறைவுப் பாட்டு அங்கிருந்துதான். ஆண்டுதோறும் நான் அங்கேயே நின்றிருக்கிறேன்.

இம்முறை நான் தெருவில் இருந்தேன். தோள்கள் திரும்பின. பல்லக்கு ஒருமுறை ஆடி நிலைத்தது. அடுக்கு தீபம் உயர்ந்தபோது, திருவீதியில் திருமுகத்தை நேருக்கு நேர் கண்டேன். அழகு. எழுத்தில் அதை நான் முயலப் போவதில்லை. கைகள் தாமாக உயர்ந்தன. கோபுரவாசலுக்குள், மைக்குக்குப் பக்கத்தில், பரிவட்டம் கட்டிய என் கொழுந்தனார் கைகூப்பி நின்றிருந்தார். அவர் கண்முன்னே இருந்தது பச்சை படர்ந்த பித்தளை, மூங்கில் சிம்பு, கறுப்பு ஒயர், முடிச்சின் மேல் முடிச்சு. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதுவும் குறைந்ததாக அவருக்குத் தோன்றியதாய்த் தெரியவில்லை.

நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. பிளைவுட் பலகை புதிதாக ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். இதில் முகம் வரும், ஏனெனில் இப்போது நான் கண்டிருக்கிறேன். கோபுரவாசலுக்குள் கைகூப்பி நிற்பவர்களும் வருவார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் டீச்சர் கோட்டுப்படத்தைப் பார்த்துவிட்டு, வாசலுக்குள் நிற்பவர்களின் முகங்களில் விளக்கின் வெளிச்சம் விழுமா என்று கேட்டார். சாமியின் முதுகு மறைத்ததால் விழவில்லை என்றேன். அப்படியானால் இருட்டாகவே விடுங்கள் என்றார். விட்டிருக்கிறேன். அடுத்த விஜயதசமிக்கு அது நடுச்சுவரில் ஏறும்; பேனருக்கு வேறு சுவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இதைப் படித்த நீங்கள் எவராயினும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராயினும், கும்பிடாதவராயினும், கண்ட ஒளி கண்ணில் நிலைப்பதாக. கண்டதைக் கண்டவாறு சொல்லும் துணிவு நாவிலும் கையிலும் தங்குவதாக. உங்கள் வயலில் வேளைக்கு நீர் பாய்ந்து, உங்கள் வீட்டில் வேளைக்கு உலை கொதித்து, உங்கள் பிள்ளைகள் எதிரில் இருப்பதைப் பார்த்து வரையும் பிள்ளைகளாக வளர்வார்களாக. அவன் அருள் உங்கள் முன்னும் பின்னும் நின்று காப்பதாக.